ஐநூறுக்குள்

பன்னிரண்டு நாற்பது. போட்டாயிற்று. ஒரு டன் ஏசி, இருபத்தாறில் வைத்திருக்கிறேன். ஒன்று நாற்பதுக்குக் கீழே போய் மீட்டரைப் பார்க்க வேண்டும். அதுவரை கதவைத் திறக்கக் கூடாது, திறந்தால் குளிர் போய்விடும், கணக்குக் கெடும். ஆரம்பம் 22038.4. சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வீட்டில் வேறு எதுவும் ஓடவில்லை. ஃபேன் இல்லை, லைட் இல்லை, போன் சார்ஜரைக்கூடப் பிடுங்கியாயிற்று. ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிட்டேன். அதிலிருந்த அரை லிட்டர் பாலைக் கீழ்வீட்டுப் பர்வீனிடம் கொடுக்கப் போனால், ‘ஃப்ரிட்ஜ் ரிப்பேரா அங்கிள்?’ என்கிறாள். இல்லம்மா, பரீட்சை. ‘யாருக்கு?’ ஏசிக்கு. அவள் சிரித்துக்கொண்டே பாலை வாங்கிக்கொண்டாள். சிரிக்கட்டும். கம்பெனிக்காரன் பெட்டிமேல் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறான், வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று அச்சடித்திருக்கிறான். எந்த ஊரில் வைத்து அளந்தானோ. வேலூரில், மே மாதத்தில், மூன்றாவது மாடியில், மேலே மொட்டை மாடி வெயிலை வாங்கி வாங்கிக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிற வீட்டில் வைத்து அளந்தானா. நான் அளக்கிறேன். முப்பத்தோரு வருஷம் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி ஸ்டோரில் இருந்தவன். பெட்டிமேல் எழுதியிருப்பதை நம்பி ஒரு ஆணியைக்கூட உள்ளே எடுத்து வைத்ததில்லை. எண்ணித்தான் வைப்பேன். தாமோதரன் கேட்டதும் வாயில் வந்த தொகையைச் சொல்லியிருக்கலாம். அவன் என் மனைவியின் தம்பி, காட்பாடியில் சொந்த வீடு, இரண்டு அறையில் ஏசி. நேற்றுச் சாயங்காலம் போனில், ‘தப்பா எடுத்துக்காதீங்க மாமா. அக்கா அங்க வந்துட்டா மாசம் கரண்டு, தண்ணி, கேஸு எல்லாம் சேத்து எவ்ளோ ஆகும்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்க. நாளைக்கு மத்தியானம் சொன்னாப் போதும்.’ எதுக்குடா. ‘சொல்லுங்க மாமா.’ பாதி தருவான். அதுதான் விஷயம். இல்லாவிட்டால், இவ்ளோ ஆகுதே மாமா, அக்கா இங்கயே இருக்கட்டும் என்பான். கூட்டிச் சொன்னாலும் அவள் வர மாட்டாள், குறைத்துச் சொன்னாலும் விட மாட்டான், கிழவன் மறுபடி ஏசியை நிறுத்திவிடுவான் என்று நினைப்பான். வேதவல்லி இந்த வீட்டை விட்டுப் போய் இன்றோடு நாற்பத்தெட்டு நாள். அவள் வருவதும் வராததும் நான் சொல்லப்போகும் ஒரு எண்ணில் இருக்கிறது. அதனால்தான் அளக்கிறேன். பன்னிரண்டு நாற்பத்து நான்கு. நான்கு நிமிஷம்தான் ஆகியிருக்கிறது.

மொட்டைத் தலையில் நேராக வந்து விழுகிறது காற்று. துண்டைப் போட்டுக்கொண்டேன். தூசி வாடை. ஒன்றரை மாதம் மூடியே கிடந்ததல்லவா. சுவரில் கை வைத்தால் இன்னும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கிறது. சுவர் குளிர எவ்வளவு நேரம் ஆகும். முதல் ஒரு மணி நேரம் அதிகம் இழுக்கும், அப்புறம் குறையும் என்று மாட்டிவிட்டுப் போன ஆள் சொன்னான். அப்படியானால் முதல் மணி நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவது தப்பு. தப்பானால் என்ன, அதிகமாகத்தானே வரும். அதிகமாகச் சொன்னால் அப்புறம் குறையும்போது நிம்மதி. இப்படித்தான் எல்லாவற்றுக்கும் அதிகமாகவே வைத்து வைத்து, போதும். கரண்டு மட்டும் பார். ஏசி இல்லாமல் இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு ஐந்து யூனிட். இது எனக்குத் தெரியும், எட்டு வருஷ டைரியில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முந்நூறு. மேலே இருநூறு. இருநூறுக்குள் ஏசி அடங்க வேண்டும். ஐநூறைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடாது, அடியிலிருந்து எல்லாவற்றுக்கும் ரேட் மாறும். ஐநூறு ஒரு விலை, ஐநூற்றி ஒன்று வேறு விலை. அந்த ஒரு யூனிட்டுக்காக ஊரே மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அளக்க வருகிறவனிடம், ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டுப் போப்பா என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. நான் கெஞ்ச மாட்டேன். நான் நிறுத்திவிடுவேன். கடைசி வாரம் வந்தால் ஒவ்வொன்றாக நிறுத்துவேன். இஸ்திரிப் பெட்டி, அப்புறம் மிக்ஸி, அப்புறம் ஏசி, பகலில் ஃப்ரிட்ஜ். எட்டு வருஷத்தில் ஒரு தடவை தாண்டியதில்லை. வாட்ச்மேன் ஏழுமலை இன்று காலையிலும் கேட்டான். கீழே மீட்டர் பெட்டிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண்ணைப் பார்க்கிறேன், ‘சார், நீங்க மொறைச்சா அது பயந்து நின்னுருமா?’ என்றான். உன் வேலையைப் பாருடா என்றேன். ‘என் வேலையே இதத்தான் சார் பாக்கறது. அம்மா எப்ப வராங்க?’ படி ஏறினேன். மூன்று மாடி. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். அம்மா எப்ப வராங்க. எல்லோருக்கும் இதே கேள்வி. தண்ணீர் கேன் போடுகிறவனும் கேட்டான், ‘ஒண்ணா ரெண்டா?’ அவள் இருந்தால் இரண்டு கேன் எடுப்போம். இப்போது ஒன்று. அதிலும் பாதி அப்படியே நிற்கிறது.

இந்த ஏசி அவள் வாங்கியது. சீட்டுப் பணம், இருபது மாதம் கட்டி எடுத்தாள். கம்மல் வாங்குவாள் என்று நினைத்தேன். ஒரு நாள் மத்தியானம் இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து நிற்கிறார்கள். யாரைக் கேட்டு வாங்கின. ‘உங்களக் கேட்டா வாங்கலாமா?’ என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டது மாதிரிக் கேட்டாள். பெட்டி அவளுடையது, ரிமோட் என்னுடையது. அப்படித்தான் ஆயிற்று. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை. இரண்டு மணிக்கு எழுந்து நான்தான் நிறுத்துவேன், அலாரம் வேண்டாம், உடம்பே எழுந்துவிடும். பகலில் கிடையாது. யாராவது வந்தால் மட்டும் பகலில். வந்தவர்கள் ஆஹா என்ன குளிர்ச்சி என்பார்கள், அவள் அவர்களோடு அறையில் வந்து உட்கார்ந்துகொள்வாள், அடுப்படியிலிருந்து காய்கூட இங்கேயே கொண்டுவந்து நறுக்குவாள். ஒரு தடவை எல்.ஐ.சி. ஏஜெண்ட் வந்து அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டான், அவள் அவனை இன்னொரு காப்பி சாப்பிடச் சொல்லி உட்கார வைத்தாள். எனக்குப் புரியாமல் இல்லை. அவன் படி இறங்கினதும் நிறுத்தினேன். இப்போது யாரும் வராமல் பகலில் ஓடுகிறது. நான் ஒருத்தன் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் பக்கம் தலையணை அப்படியே கிடக்கிறது, உறையில் ஒரு கொண்டை ஊசி. நாற்பத்தெட்டு நாளாக அதை எடுக்கவில்லை. எடுத்து எங்கே வைப்பது. அதோ அந்த சுவிட்சில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த தடம் இன்னும் இருக்கிறது. காலையில் சுரண்டிப் பார்த்தேன், பசை போகவில்லை. ஏப்ரல் நான்காம் தேதி காலையில் மீட்டர் பார்த்தேன், 21891. டைரியில் ஆரம்பம் 21406. கழித்தால் நானூற்று எண்பத்தைந்து. எட்டாம் தேதி அளக்க வருவான். நான்கு நாளைக்குப் பதினைந்து யூனிட். ஏசி சுவிட்சைத் தட்டிவிட்டு மேலே பிளாஸ்திரி ஒட்டினேன், அவள் மறந்துபோய் போட்டுவிடக் கூடாது என்று. ரிமோட் என் பையில் இருக்க அவள் எப்படிப் போடுவாள். ஆனாலும் ஒட்டினேன். காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருள்தான். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் அவள் கையில் ஊசி நழுவாமல் ஒட்டியிருந்ததும் அதே மாதிரி வெள்ளைப் பிளாஸ்திரி. அதைப் பார்க்க முடியாமல் வராந்தாவுக்கு வந்தேன். ஒரு மணி ஆகிறதா. இல்லை, பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. முட்டி வலிக்கிறது. குளிர் முட்டிக்குத்தான் முதலில் வரும்போல.

அன்றைக்கு அவள் ஏதோ சொன்னாள். அதுதான் நிற்கிறது. பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத் திரும்புகிறேன், அடுப்படி வாசலில் கரண்டியோடு நிற்கிறாள், கழுத்தெல்லாம் வேர்வை, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. ‘பிப்ரவரியில...’ என்று ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டினேன். நீ போய் வேலையைப் பாரு, நாலு நாள்தானே, செத்துட மாட்ட. இப்படித்தான் சொன்னேன். வேறு மாதிரிச் சொன்னதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், நாலு நாள் பொறுத்துக்கோ என்று. இல்லை. இப்படித்தான். அவள் உள்ளே போனாள். பதினொன்றரை மணிக்குக் கரண்டி விழுந்த சத்தம். அவள் விழுந்த சத்தம் கேட்கவேயில்லை. பர்வீன் வீட்டுக்காரரும் ஏழுமலையும் நாற்காலியில் வைத்து மூன்று மாடி இறக்கினார்கள். சோடியம் குறைந்துபோச்சு என்றார் டாக்டர், வெயில், வேர்வை, பி.பி. மாத்திரை, எல்லாம் சேர்ந்து. அறுபத்தாறு வயசு. ‘வீடு எப்படி? காத்தோட்டமா இருக்குமா?’ என்று கேட்டார். மேல் மாடி என்றேன். ‘ஏசி இருக்கா?’ இருக்கு என்றேன். இருக்கு என்று சொன்னேன். தாமோதரன் பக்கத்தில் நின்றான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எட்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் காட்பாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச நாள் இருக்கட்டும் மாமா. கொஞ்ச நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் ஏறிப் போகிறேன். ஹாலில் உட்கார வைக்கிறார்கள். அவன் பெண்டாட்டி மோர் தருகிறாள். வேதவல்லி உள்ளறையிலிருந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு வருகிறாள். வேலூரில், மே மாதத்தில், சால்வை. சாப்டீங்களா என்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். எப்போ வர்ற என்று ஒரு தடவைகூட என்னால் கேட்க முடியவில்லை, வரேன் என்று அவளும் சொல்லவில்லை. அவ்வளவுதான். பிள்ளை குட்டி கிடையாது, நடுவில் நின்று பேச ஆளில்லை. முப்பத்தொன்பது வருஷமாக நடுவில் ஆள் தேவைப்பட்டதில்லை. பிப்ரவரியில் என்ன. பிப்ரவரியில் தாமோதரன் மகள் கல்யாணம். சொந்தக்காரர்கள் நான்கு நாள் இங்கே தங்கினார்கள், மத்தியானமெல்லாம் ஏசி ஓடியது. அதைத்தான் சொல்ல வந்திருப்பாள். பிப்ரவரியில அவங்களுக்கெல்லாம் போட்டீங்களே, எனக்கு மட்டும் இல்லையா என்று. சொல்ல மாட்டாள் அப்படி. முப்பத்தொன்பது வருஷத்தில் எனக்கு மட்டும் என்று ஒரு வாக்கியம் அவள் வாயில் வந்ததில்லை. அப்படியானால் வேறு என்ன. ஆஸ்பத்திரியில் அந்த முதல் ராத்திரி கேட்டிருக்கலாம். என்னம்மா சொல்ல வந்த. கேட்கவில்லை.

மற்றதையும் கூட்டி வைத்துவிடலாம். சும்மா உட்கார்ந்தால் தலை எங்கெங்கோ போகிறது. பராமரிப்புக் கட்டணம் ஆயிரம், அதில் பேச்சு இல்லை. லாரித் தண்ணீர் நம் பங்கு கோடையில் அறுநூறு. கேன் எத்தனை, கேஸ் எத்தனை நாளைக்கு வரும் என்பது என் டைரியில் இல்லை. அது அவள் கணக்கு. அடுப்படியில் மாதக் காலண்டர் தொங்குகிறது, மளிகைக் கடைக்காரன் கொடுத்தது, கட்டத்துக்குக் கட்டம் பென்சிலால் கிறுக்கி வைத்திருப்பாள், பால் வாங்காத நாள், கேன் வந்த நாள், கேஸ் மாற்றிய நாள். அதைப் பார்க்க வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். ஒன்று பன்னிரண்டு. காத்திருக்கலாம், இன்னும் இருபத்தெட்டு நிமிஷம். என்ன அவசரம். அவசரம்தான். உட்கார முடியவில்லை. திறந்தேன், உடம்பு போகிற அளவுக்கு மட்டும், உடனே சாத்தினேன். ஹாலில் அனல் மூஞ்சியில் அடித்தது. இதில்தான் நின்றிருக்கிறாள். நான் பேப்பரை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன், எனக்கு ஃபேன் உண்டு. அடுப்படியில் ஃபேன் கிடையாது, அடுப்பு அணைந்துவிடும் என்று நான்தான் மாட்ட வேண்டாம் என்றேன். காலண்டரை ஆணியோடு இழுத்துக்கொண்டு ஓடிவந்து கதவைச் சாத்திவிட்டேன். சுவரில் ஓட்டை விழுந்திருக்கும், அப்புறம் பார்க்கலாம். தாள்களை மேலே மடித்துப் பின்னால் போட்டிருக்கிறாள், ஒரு மாதமும் கிழிக்கவில்லை. ஏப்ரல், நான்காம் தேதியோடு நிற்கிறது. நான்காம் தேதிக் கட்டத்தில் ‘கேன் 2’. அதற்கப்புறம் எல்லாம் வெள்ளைக் கட்டம். மார்ச், எண்ணினேன், கேன் பத்து. முந்நூற்றைம்பது ரூபாய் வை. கேஸ் மாற்றியது பிப்ரவரி இரண்டு என்று நினைவு, அதற்கு முந்தையது டிசம்பரில். இரண்டு மாதம். மாதத்துக்கு நானூற்றைம்பது. பிப்ரவரியைத் திருப்பினேன், சரிபார்க்க. இரண்டாம் தேதி ‘கேஸ்’. சரி. எட்டாம் தேதிக் கட்டத்தில் ‘கரண்டு ஆள் வரல’. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ‘ஊர்க்காரங்க’ என்று நான்கு கட்டத்தையும் சேர்த்து ஒரு கோடு. பதினான்காம் தேதிக் கட்டத்தில், ‘கரண்டு ஆள் வந்தான். 21453’.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மறுபடி பார்த்தேன். 21453. என் டைரி 21406. எட்டாம் தேதி காலையில் நான் போய்ப் பார்த்து எழுதியது, எட்டாம் தேதிதான் வருவான் என்பதால். எட்டாம் தேதி அவன் வரவில்லை. ஆறு நாள் கழித்து வந்தான். அதுவும் எனக்குத் தெரியும். படிக்கட்டில் அவனைப் பிடித்துச் சத்தம் போட்டேன், தேதின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு என்று. சத்தம் போட்டுவிட்டு மேலே வந்தேன். டைரியைத் திருத்தவில்லை. அவன் எழுதிய எண்ணைப் பார்க்கக்கூட இல்லை. கல்யாண ஏசி ஓடிய நாட்கள் எல்லாம் பழைய கணக்கில் போய்விட்டன. என் டைரியில் மட்டும் அவை புதுக் கணக்கிலேயே கிடந்தன. நாற்பத்தேழு யூனிட். 21891-இல் 21453 போனால் நானூற்று முப்பத்தெட்டு. மனசில் இரண்டு தடவை கழித்தேன், சீட்டில் ஒரு தடவை. நானூற்று முப்பத்தெட்டு. நான்கு நாளைக்கு அறுபத்திரண்டு யூனிட் இருந்தது. வீட்டுக்கு இருபது போனால் நாற்பத்திரண்டு. மணிக்கு ஒரு யூனிட் என்று வை, நாற்பத்திரண்டு மணி நேரம், நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடியிருக்கலாம். ஐநூறைத் தொட்டிருக்காது. பிளாஸ்திரி ஒட்டின நேரத்தில் அவள் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு காய் நறுக்கியிருக்கலாம். பில்லும் வந்தது. நானூற்று ஐம்பத்து மூன்று என்று வந்தது. வீடு ஐந்து நாள் பூட்டிக் கிடந்ததல்லவா, அதனால் குறைச்சல் என்று நினைத்தேன். கட்டினேன், ரசீதைப் பையில் போட்டேன், கழித்துப் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருஷம் ஸ்டோர். அடுத்தவன் எழுதியதை நம்பாமல் எண்ணினவன், நான் எழுதியதை எண்ணிப் பார்க்கவில்லை. இவள் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாள். இவளுக்குத் தெரிந்திருக்கிறது. ‘பிப்ரவரியில...’ சொல்ல வந்தது இதுதான். கல்யாணமும் இல்லை, ஒன்றும் இல்லை. பிப்ரவரியில அவன் பதினாலாம் தேதிதானே வந்தான், நம்பர் காலண்டர்ல எழுதியிருக்கேன் பாருங்க. இவ்வளவுதான். எண்ணிக்கை தெரிந்தவளாக ஒரு கரண்டியோடு வந்து நின்றிருக்கிறாள். செத்துட மாட்ட என்றேன். அப்படியே தாண்டியிருந்தால்தான் என்ன. எவ்வளவு கூடியிருக்கும். முந்நூறு ரூபாய். முந்நூறு ரூபாய்க்குமேல் போயிருக்காது. அந்த முந்நூறும் போயிருக்காது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறாள். குளிர்ந்த அறையில் எனக்கு வேர்க்கிறது. கம்ப்ரசர் டக்கென்று நின்றது. அறை போதுமான அளவு குளிர்ந்துவிட்டதாம். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் உர்ர் என்று ஆரம்பித்தது. நிறுத்தலாமா என்று கை பைக்குப் போனது. எதற்கு நிறுத்த. ஒன்று இருபத்தொன்பது. தாமோதரனிடம் எதைச் சொல்வது. ஒரு எண்ணா, இந்த நாற்பத்தேழையும் சேர்த்து இரண்டு எண்ணா.

போன் அடித்தது. அவன்தான் என்று எடுத்து, இன்னும் பத்து நிமிஷம் இருக்குடா என்றேன்.

‘நான்தான்’ என்றாள் வேதவல்லி.

அவளாகப் போன் செய்ததில்லை இத்தனை நாளில். எழுந்து நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை.

‘சாப்டீங்களா?’

‘இன்னும் இல்ல.’

‘மணி ஒண்ணரை ஆகுது. என்னங்க சத்தம் அது?’

‘எது?’

‘உர்ருனு.’

‘ஏசி.’

‘யாரு வந்திருக்கா?’

‘யாரும் வரல.’

‘யாரும் வராமயா பகல்ல ஓடுது?’

‘கணக்குப் பாக்கறேன். ஒரு மணி நேரத்துக்கு எவ்ளோ இழுக்குதுன்னு. உன் தம்பிதான் கேட்டான்.’

‘அவன் எங்க கேட்டான். நான் கேக்கச் சொன்னேன்.’

‘நீயா? எதுக்கு?’

‘தொகை உங்க வாயால முதல்லயே வரணும். அப்புறம் தெரிஞ்சா நீங்க ஒவ்வொண்ணா நிறுத்துவீங்க. என் எதிர்லயே நிறுத்துவீங்க. இவ்ளோ ஆகும், ஆகட்டும்னு நீங்களே சொல்லிட்டா அப்புறம் மீட்டரப் பாக்கப் போக மாட்டீங்கல்ல.’

கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீரப்போகிறது என்பதை எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். காலண்டர் கட்டிலில் பிப்ரவரியில் திறந்து கிடந்தது. அவள் எழுத்து, 5-க்கு மேலே கோடு போடாமல் விட்டிருக்கிறாள், எப்போதும் போடமாட்டாள்.

‘பதினாலாம் தேதி’ என்றேன்.

‘என்ன?’

‘பிப்ரவரி. காலண்டர்ல எழுதி வச்சிருக்க. நாப்பத்தேழு யூனிட் மிச்சம் இருந்துருக்கு.’

அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டேன்.

‘அதத்தான் சொல்ல வந்தியா அன்னைக்கு?’

‘சொன்னேனே.’

‘நான் கேக்கல.’

‘தெரியும்’ என்றாள்.

வேறு என்ன சொல்வது. நான் தப்பு பண்ணிட்டேன் என்று சொல்லலாம், அதைக் கேட்டு அவள் என்ன செய்வாள், பரவாயில்லை என்பாள், பரவாயில்லை என்று அவளைச் சொல்ல வைப்பது இன்னொரு வேலை அவளுக்கு. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று முப்பத்தெட்டு.

‘நேரம் ஆச்சு. கீழ போய்ப் பாத்துட்டுக் கூப்பிடறேன்.’

‘வைக்காதீங்க. போங்க, லைன்லயே இருக்கேன்.’

போனைக் காதில் வைத்துக்கொண்டே இறங்கினேன். படியில் வெயில் விழுகிற இடம் உள்ளங்காலைச் சுட்டது, செருப்புப் போடவில்லை. ‘மெதுவா’ என்றாள் அவள், சத்தத்தை வைத்தே தெரிந்திருக்கிறது. ஏழுமலை சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்திருந்தான். ‘என்ன சார், காலையில மொறைச்சது பத்தலையா?’ நான் கண்ணாடியைத் துடைக்காமலே பார்த்தேன். 22039.5.

‘ஒண்ணு புள்ளி ஒண்ணு’ என்றேன் போனில். ‘மணிக்கு.’

‘அப்படின்னா?’

‘பகல்ல ஆறு மணி நேரம், ராத்திரி நாலு. ரெண்டு மாசத்துக்கு ஏசிக்கே அறுநூத்தறுபது. எல்லாம் சேத்துத் தொள்ளாயிரத்தறுபது.’

‘ஐநூறு தாண்டுது.’

‘நல்லாவே தாண்டுது.’

‘ரூவாய்ல சொல்லுங்க.’

‘கரண்டு மாசத்துக்கு மூவாயிரத்து முந்நூறு. தண்ணி, கேனு, கேஸு, மெயின்டனன்ஸ் எல்லாம் சேத்தா ஐயாயிரத்து எழுநூறு.’ என் பென்ஷன் இரண்டாயிரத்து எண்ணூறு, பேங்க் வட்டி பதினாலாயிரம். அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ‘ஆகட்டும்’ என்றேன். ‘உன் தம்பிகிட்ட ஒரு பைசா வேணாம்.’

மீட்டரில் கடைசி எண் மாறியது. 22039.6. எதற்கு மாறுகிறது என்று ஒரு நிமிஷம் புரியவில்லை.

‘ஏசிய நிறுத்திட்டு வந்தீங்களா?’ என்று கேட்டாள்.

‘இல்ல.’

‘ரூம் கதவு?’

நினைத்துப் பார்த்தேன். போனோடு எழுந்தேன், திறந்தேன், இறங்கினேன். ‘சாத்தல.’

‘குளிரெல்லாம் போயிடும்’ என்றாள். ‘போய்ச் சாத்துங்க. நான் வெள்ளிக்கெழம தாமுவக் கொண்டாந்து விடச் சொல்றேன்.’

போனை வைத்துவிட்டாள். ஏழுமலை சோற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினேன்.

‘கேன்காரன் வந்தா ரெண்டு போடச் சொல்லு.’

‘ஒண்ணுதானே சார் எடுத்துட்டு இருந்தீங்க?’

‘ரெண்டு’ என்றேன். ஏறினேன்.